கொப்பரை ஒன்று, நேர்த்தி வேறு

துருக்கியின் தென்கோடியில், மத்தியதரைக் கடலுக்கும் சிரிய எல்லைக்கும் நடுவே வால்போலத் தொங்குகிறது ஹத்தாய் மாகாணம். பெயர் புதிதாகத் தோன்றலாம். ஊர் நமக்குப் புதிதில்லை. விவிலியம் வாசிக்கும் தமிழ் வீடுகளில் அதன் தலைநகருக்கு அந்தியோகியா என்று பெயர். இயேசுவின் சீடர்களைக் கிறிஸ்தவர்கள் என்று உலகம் முதலில் அழைத்தது அங்கேதான். யாசீன் ஓதும் தமிழ் வீடுகளிலோ, தூதர்களை மறுத்த ஒரு நகரமும், அதன் கடைக்கோடியிலிருந்து ஓடிவந்து அவர்களுக்காகப் பேசிய ஒரு மனிதரும் நாள்தோறும் நினைவுகூரப்படுகிறார்கள். அந்த நகரம் இதுதான், அந்த மனிதர் ஹபீப் நஜ்ஜார் என்னும் தச்சர் என்று குர்ஆன் உரையாசிரியர்கள் பலர் எழுதிவைத்தார்கள். இன்று அந்த ஊர் அந்தாக்யா. வெளியூர்க்காரருக்கு அதை அறிமுகம் செய்ய நினைப்பவர்கள் நெடுங்காலமாக ஒரே படத்தைத்தான் நீட்டிவந்தார்கள்: மசூதியின் மினாராவும் தேவாலயத்தின் மணிக்கூண்டும் ஒரே சட்டத்துக்குள். நாலு தெரு தள்ளி யூதர்களின் தொழுகைக்கூடமும் உண்டு என்று அடியில் ஒரு வரி. மூன்று மதம், ஒரே ஊர். விளம்பரத்துக்கு இது போதும். ஆனால் இந்த அறிமுகத்துக்குள் ஒரு பழைய கேள்வி ஒளிந்திருக்கிறது. நம்பிக்கையில் மாறுபட்டவர்கள் ஒரே நிலத்தில் கூடி வாழ்ந்தார்கள் என்றால், அடியில் எல்லாம் ஒன்றே என்று அவர்கள் கண்டுகொண்டதாலா? அல்லது ஒன்றல்ல என்று நன்றாகத் தெரிந்துகொண்டே வாழ்ந்தார்களா? இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் வருகிறவருக்கு எதைக் காட்டுவது என்பதும் அமையும்.

முதலில் அந்த மூன்று என்ற கணக்கையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். ஒரு நிலத்தை மதங்களின் பட்டியலாகச் சொல்லும் பழக்கம் விருந்தோம்பலில் பிறந்ததில்லை, சர்க்கார் கச்சேரியில் பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சின் பொறுப்பில் இருந்த இந்தப் பகுதி, 1938 செப்டம்பரில் ஹத்தாய் என்ற பெயரோடு ஒரு குட்டிக் குடியரசானது. அதன் சட்டமன்றத்தில் 40 இடங்கள். துருக்கியருக்கு 22, அலவி அரபியருக்கு 9, ஆர்மீனியருக்கு 5, சன்னி அரபியருக்கு 2, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவருக்கு 2. பந்தியில் தலைக்கு ஓர் இலை போட்டதுபோலப் பார்ப்பதற்கு நேர்த்தியான ஏற்பாடு. ஓராண்டு திரும்புவதற்குள் அந்த மன்றமே துருக்கியோடு சேர்ந்துகொள்வதாகத் தீர்மானித்துக் கலைந்தது. 5 இடம் பெற்றிருந்த ஆர்மீனியரில் பெரும்பாலோர் மூட்டைகட்டிக்கொண்டு சிரியாவுக்கும் லெபனானுக்கும் போனார்கள். பட்டியலில் பெயர் இருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. இன்னொன்று, இந்த மாதிரிப் பட்டியல் உண்மையையும் சரியாகச் சொல்வதில்லை. அங்கே 'கிரேக்க' ஆர்த்தடாக்ஸ் என்பது சபையின் பெயர். அந்த வீடுகளின் பேச்சும் பிரார்த்தனையும் காலங்காலமாக அரபியில். அலவிக்கும் அதே அரபிதான் தாய்மொழி. அவரோடு இஸ்லாம் என்ற சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் துருக்கியரின் மொழி வேறு. மொழியால் சேர்பவர்கள் மதத்தால் பிரிகிறார்கள், மதப் பெயரால் சேர்பவர்கள் வழிபாட்டால் பிரிகிறார்கள். இதை எப்படி மூன்று என்று எண்ணுவது?

எண்ணிக்கையை விட்டு அடுப்படிக்குப் போவோம். ஆகஸ்ட் நடுவில், மரியாளின் விண்ணேற்பு விழாவை ஒட்டிவரும் ஞாயிறு. மூசா மலைச் சரிவில் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே வக்கிஃப்லி என்ற சிற்றூர். துருக்கியில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆர்மீனியக் கிராமம் இது. நூற்றைச் சற்றுத் தாண்டிய ஆட்கள்தாம் அங்கே. விழாவுக்கு முந்தின நாளே விறகடுப்பில் வரிசையாக ஏழு கொப்பரைகள் ஏறிவிடும். குத்திய கோதுமை, இறைச்சி, தண்ணீர், உப்பு. மசாலா என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் கிடையாது. முரசும், நம் நாகசுரத்துக்குத் தூரத்துத் தம்பி என்று சொல்லத்தக்க சுர்னாவும் ஒலிக்க, இரவு முழுக்க வேகும். நீண்ட துடுப்புகளால் ஆட்கள் முறைவைத்துக் கிண்டிக் கிண்டி அடிக்க, இறைச்சி நார் எது, கோதுமை எது என்று பிரித்தறிய முடியாதபடி ஒரே குழைவாகிவிடும். விடிந்ததும் குருவானவர் திராட்சைக் குலைகளையும் கொப்பரைகளையும் ஆசீர்வதிப்பார். பிறகு வந்தவருக்கெல்லாம் தட்டு. இதற்குப் பெயர் ஹரிசா. நமக்குத் தெரிந்த ஹலீமுக்கு மூத்த உறவு. மூசா மலையில் ஒருகாலத்தில் ஆர்மீனியர் ஊர்கள் ஏழு இருந்தன. 1939க்குப் பிறகு மிஞ்சியது இந்த ஒன்று. கொப்பரைகள் மட்டும் ஏழாகவே இருக்கின்றன.

மலையிலிருந்து இறங்கிக் கடலை நோக்கி வந்தால் சமந்தாக். இங்கே பெரும்பாலோர் அரபு பேசும் அலவிகள். நபி முகம்மது தம் மருமகன் அலீயைத் தமக்குப் பின் தலைவராக அறிவித்ததாக அவர்கள் நம்பும் கதீர் கும் திருநாளிலும், நேர்ந்துகொண்டதை நிறைவேற்றும் நாட்களிலும், அடக்கத்தலங்களின் முற்றத்தில் அவர்களும் கொப்பரை ஏற்றுகிறார்கள். அதே குத்திய கோதுமை, அதே இறைச்சி, அதே துடுப்பு. பெயரும் ஏறத்தாழ அதுவே: ஹிரிசி. அங்கேயும் வந்தவர் யார், எந்தச் சாதிசனம் என்று கேட்காமல் கிண்ணம் நிரம்பும். இனி எல்லை தாண்டி லெபனானின் அஞ்சார் ஊருக்குப் போனால், மூசா மலையை விட்டுப்போன ஆர்மீனியர் செப்டம்பரில் இதே ஹரிசாவைக் கிண்டுகிறார்கள். அது அங்கே 1915ஐ நினைக்கும் சாப்பாடு: நாடுகடத்தும் ஆணையை மறுத்து மலைமேல் ஏறி வாரக்கணக்கில் எதிர்த்து நின்றதையும், பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் 4,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டுபோய் எகிப்தின் போர்ட் சயீதில் சேர்த்ததையும் நினைக்கும் சாப்பாடு. பண்டம் ஒன்று. ஓரிடத்தில் அது மரியாளின் விழா, ஓரிடத்தில் அலீயின் திருநாள், ஓரிடத்தில் உயிர்பிழைத்த கதை.

இந்த இடத்தில் நம் நாக்கில் தயாராக ஒரு வாசகம் இருக்கிறது: எம்மதமும் சம்மதம். எல்லா ஆறும் ஒரே கடலில்தானே விழுகிறது, பெயரில் என்ன இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கொப்பரையைக் கிண்டுகிறவரிடம் போய், 'நீங்கள் மரியாளுக்குச் செய்வதும் பக்கத்து ஊர்க்காரர் அலீக்குச் செய்வதும் உண்மையில் ஒன்றே' என்று சொன்னால் இருவருமே மறுப்பார்கள். அந்த மறுப்பை அறியாமை என்று ஒதுக்க நமக்கு என்ன அதிகாரம்? இருவருக்கும் தெரியாத ஒரு மேலான உண்மை நமக்குத் தெரியும், அவரவர் சொல்லும் பொருள் வெறும் மேலுறை என்று எண்ணிக்கொள்வதுதான் அதன் அடியில் இருக்கிறது. பார்க்கப் பணிவுபோல இருக்கும். உள்ளே பார்த்தால் மூன்றாவதாக ஒரு மதம், மற்ற இரண்டுக்கும் மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். தவிரவும், ஒற்றுமைக்கு ஒருமித்த கருத்து வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கருத்து மாறுபட்ட மறுநாளே ஒற்றுமை முறிய வேண்டும். ஹத்தாயில் இந்தக் கொப்பரைகள் கருத்து ஒருமித்ததால் ஏறவில்லை. ஒரு பண்டத்தை, ஓர் இடத்தை, ஒரு நாளைப் பகிர்ந்துகொள்ள அதன் பொருளையும் பகிர்ந்துகொண்டாக வேண்டும் என்ற நிபந்தனையை அங்கே யாரும் விதிக்கவில்லை என்பதால் ஏறின.

சமந்தாக் கடற்கரையில் ஒரு வெள்ளைக் குவிமாடம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சாலை வட்டமாகப் போகிறது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வந்து மூன்று முறை அதை வலம்வந்துவிட்டுத் தம் வழியே போகும். இறங்கி உள்ளே போகிறவர்கள் சாம்பிராணி ஏற்றுவார்கள். உள்ளே கல்லறை கிடையாது. நடுவில் பெரிய பாறை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாறையருகேதான் மூசா நபியும் ஹிழ்றும் சந்தித்தார்கள் என்பது ஊரார் நம்பிக்கை. துருக்கியர் நாவில் ஹிழ்று ஹிசிர் ஆகிறார். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அவரைப் புனித ஜார்ஜாகக் காண்கிறார்கள். எலியா தீர்க்கதரிசியாகப் பார்ப்பவர்களும் அந்த மண்ணில் உண்டு. சாகாதவர், பச்சை நிறத்தவர், ஆபத்தில் யார் உருவத்திலாவது வந்து நிற்பவர். மே 6ஆம் தேதி ஹிசிரும் இலியாசும் (அதாவது எலியாவும்) பூமியில் சந்தித்துக்கொள்ளும் நாள் என்று துருக்கி முழுக்க விழா எடுக்கிறார்கள். 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. நமக்கும் இவர் அந்நியரில்லை. கதிர்காமத்தில் முருகன் கோயிலுக்கு அருகிலேயே ஹிழ்று நபியின் பெயரோடு இணைந்த பள்ளிவாசல் இருக்கிறது. எங்கே இருவகை மக்கள் ஒரே மண்ணில் நிற்கிறார்களோ அங்கெல்லாம் இந்த மனிதர் தென்படுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயர் சொல்லாமல் வருகிறவரை ஆளுக்கொரு பெயரால் அழைக்க முடிகிறது.

அவருடைய கதையே வழிப்போக்கரைப் பற்றியது. குர்ஆனின் கஹ்ஃபு அத்தியாயத்தில் அவருக்குப் பெயர்கூட இல்லை. இரு கடல்கள் கூடும் இடத்தில் மூசா சந்தித்த ஓர் அடியார், அவ்வளவே. உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளக் கூடவரலாமா என்று மூசா கேட்கிறார். உம்மால் பொறுமையாக இருக்க முடியாது என்கிறார் அவர். வருவதானால், நானே சொல்லும்வரை எதைப் பற்றியும் கேட்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறார். முதலில் கடலில் பாடுபடும் ஏழைகளின் படகை ஓட்டை போடுகிறார். அடுத்து ஒரு சிறுவனைக் கொல்கிறார். கடைசியில், சோறு கேட்டும் கொடுக்காத ஓர் ஊரில், சாயவிருந்த சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்திவைக்கிறார். மூன்று முறையும் மூசாவால் வாயை அடக்க முடியவில்லை. பயணம் முறிகிறது, முறிந்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் காரணம் வெளிவருகிறது. ஒரு பயணி அறிந்துகொள்ள வேண்டிய ஒழுங்கு இந்த நிபந்தனையில் இருக்கிறது என்பது என் வாதம். பிறர் வழிபாட்டின் முன் நிற்கும்போது, இது எதற்கு, இதன் உட்பொருள் என்ன, இது அதுதானே என்று உடனே ஒரு விளக்கத்தைப் பறித்துக்கொள்ளாமல் நிற்பது. புரியாததைப் புரியாததாகவே கொஞ்ச நேரம் வைத்திருப்பது. அலவிகளின் மதத்துக்கு இது இன்னும் பொருந்தும்: தீட்சை பெற்ற ஆண்களுக்கு மட்டுமே அவர்கள் தம் போதனையைத் திறக்கிறார்கள். அடக்கத்தலம் எல்லோருக்கும், கிண்ணம் எல்லோருக்கும். போதனை மட்டும் உள்ளே. பகிர்வதும் பூட்டுவதும் ஒரே வீட்டில் நடக்கிறது. எல்லாவற்றையும் திறந்துகாட்டினால்தான் நட்பு என்று நினைப்பவர்களுக்கு இது விளங்காது.

இப்படிச் சடங்கையும் தலத்தையும் பகிர்ந்துகொள்வதற்கு மதத்தின் உள்ளிருந்தே கடுமையான எதிர்ப்பு உண்டு. அது அந்தியோகியாவிலேயே பிறந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்த நகரில் குருவாக இருந்தவர், பின்னாளில் பொன்வாய் யோவான் என்று புகழ்பெற்ற கிறிசோஸ்தோம். 386, 387ஆம் ஆண்டுகளில் அவர் ஆற்றிய எட்டு மறையுரைகள் யூதர்களுக்கு எதிரானவை என்று சொல்லப்பட்டாலும், அவர் கோபம் உண்மையில் தம் சொந்தச் சபையார்மேல்தான். கிறிஸ்தவர்கள் யூதத் திருநாளுக்குப் போகிறார்கள், அவர்களோடு நோன்பிருக்கிறார்கள். தொழுகைக்கூடத்தில் செய்த சத்தியத்துக்குத்தான் வலிமை அதிகம் என்று நம்பி, வழக்கு வந்தால் எதிராளியை அங்கே இழுத்துப்போகிறார்கள். நோய் தீர வேண்டி, நகருக்கு வெளியே தாஃப்னேயில் உள்ள யூதத் தலமொன்றில் இரவு படுத்துறங்குகிறார்கள். அந்த உரைகள் பிற்காலத்தில் ஐரோப்பாவின் யூத வெறுப்புக்கு எண்ணெயாயின. அதை மறந்துவிட்டு அவற்றைப் படிக்க முடியாது. ஆனால் அவர் எழுப்பும் கேள்வி லேசானதல்ல. கடவுளைப் பற்றிய உண்மை ஒன்று இருக்குமானால், பலன் கிடைக்கிறது என்பதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் காலெடுத்து வைப்பது பக்தியா, வியாபாரமா? பொருளைக் கழற்றிவிட்டுச் சடங்கை மட்டும் பகிர்ந்தால் கடைசியில் மிஞ்சுவது மதமா, வெறும் பழக்கமா? இன்றைய சன்னி அறிஞர்களிலும் அடக்கத்தலத்தைச் சுற்றிவருவதை இதே காரணத்தால் கண்டிப்பவர்கள் உண்டு.

கிறிசோஸ்தோமுக்கு நான் சொல்லக்கூடிய பதில், அந்தியோகியாவிலேயே அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முன் நடந்த இன்னொரு சண்டையிலிருந்து வருகிறது. பேதுரு அந்த ஊரில் பிற இனத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல விலகி உட்கார்ந்தார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேரே கடிந்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். மீட்பு எதனால் வருகிறது என்ற பெரிய விவாதம் இந்தப் பந்தித் தகராறோடு பின்னிக்கொண்டுதான் நமக்குக் கிடைக்கிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற நடைமுறைக் கேள்வி தெருவில் எழுந்தது. கோட்பாடு அதைத் தொடர்ந்து வந்தது. பகிர்ந்த சடங்கு பொருளற்ற பழக்கம் என்பது கிறிசோஸ்தோமின் பயம். உண்மையில் பந்தியில் உட்காருவதே ஒரு பொருள்தான். அது வார்த்தையாகச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. பலன் தேடிப் போன அந்தக் கிறிஸ்தவர்கள் யூதரானதாகவோ, குவிமாடத்தை வலம்வரும் ஆர்த்தடாக்ஸ் குடும்பம் அலவியாகிவிட்டதாகவோ நமக்குச் செய்தி இல்லை. அவரவர் நம்பிக்கை அவரவரிடமே இருக்கிறது. எல்லையைத் தாண்டிப் போய்வர ஓர் எல்லை இருக்கத்தானே வேண்டும்?

இதைவிடக் கடினமான எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இதெல்லாம் அழகான பேச்சு. 1915இல் இந்தக் கொப்பரைகள் யாரைக் காப்பாற்றின? 1939இல் யாரைத் தங்கவைத்தன? இருபதாம் நூற்றாண்டு முழுக்க யூதர்கள் ஒவ்வொரு குடும்பமாக இஸ்தான்புல்லுக்கும் இஸ்ரேலுக்கும் போய், கடைசியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தார்களே, அப்போது அண்டைவீட்டார் என்ன செய்தார்கள்? அலவிகள் போதனையை மறைத்துவைப்பதை ஒழுங்கு என்று நான் புகழ்கிறேன். நூற்றாண்டுக் கணக்கில் ஒடுக்கப்பட்ட சமூகம் உயிருக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டதைத்தான் அப்படிப் புகழ்கிறேனோ? இந்தக் குற்றச்சாட்டில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். பகிர்ந்த தலம் அரசின் ஆணையைத் தடுக்காது. கிண்ணம் துப்பாக்கிக்குக் கேடயமாகாது. கேளாமை எப்போதும் மரியாதையிலிருந்து வருவதில்லை. பல நேரம் எதுவும் கேட்க முடியாத பயத்திலிருந்தும் வருகிறது. ஆனால் இதிலிருந்து, பகிர்வு பொய் என்ற முடிவு வராது. ஆணை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் தலைநகரங்களிலிருந்து, அதே தலையெண்ணும் மேசையிலிருந்து வந்தது. கொப்பரை செய்யாததை அதன்மேல் ஏற்றிச் சொல்லும் விளம்பரத்தைத்தான் குறைசொல்ல வேண்டும். 'சகிப்புத்தன்மையின் தலைநகரம்' என்று எழுதுகிறவர் ஏழில் ஆறு ஊர் எங்கே போனது என்று எழுதுவதில்லை. அவர் காட்டும் இணக்கம் ஆட்கள் குறையக் குறைய அழகாகிக்கொண்டே போகிறது.

இங்கேதான் ஹிழ்றின் கதை தவறான கையில் ஆபத்தாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 பிப்ரவரி 6, விடியற்காலை 4.17. 7.8 அளவு நிலநடுக்கம். துருக்கியில் மட்டும் 50,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; ஹத்தாயில் மட்டும் 20,000க்கு மேல். பிப்ரவரி 20இல் 6.4 அளவில் இன்னொன்று. ஹபீப் நஜ்ஜார் மசூதி இடிந்தது. பேதுரு, பவுல் பெயரில் இருந்த ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இடிந்தது. யூதச் சபையின் தலைவரும் அவர் மனைவியும் இடிபாட்டில் இறந்தார்கள். தொழுகைக்கூடத்தில் மிஞ்சிய தோரா சுருள்கள் இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோகப்பட்டன. எல்லா மதத்தாரும் சேர்ந்து பாடிய அந்தாக்யா நாகரிகங்கள் பாடகர் குழுவும் தன் உறுப்பினர் சிலரை இழந்தது. படகை உடைத்ததில் ஒரு நன்மை ஒளிந்திருந்ததல்லவா, இதிலும் ஏதோ இருக்கும், கேட்காதே என்று சொல்ல எந்த மதத்திலும் ஒருவர் கிடைப்பார். அந்தியோகியாவுக்கு இது பழக்கப்பட்ட பேச்சு. 526இலும் 528இலும் நகரம் அடுத்தடுத்துக் குலைந்தபோது, அதற்குத் தியோபோலிஸ், அதாவது கடவுளின் நகரம், என்று பெயர்மாற்றினார்கள். பெயர் நிலத்தை அசையாமல் பிடித்துவைக்கவில்லை.

ஹிழ்று காரணம் சொன்னார், அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியாது. தெரியாத நாம் அவர் இடத்தில் ஏறி நின்று பிறர் துன்பத்துக்கு உட்பொருள் சொல்வது பக்தியாகாது. நம் இடம் மூசாவின் இடம். அவர் அடக்கமாட்டாமல் கேட்ட கேள்விகளும் வேதத்திலேயே இருக்கின்றன, யாரும் அவற்றை அழித்துவிடவில்லை. அறியாச் சிறுவனை ஏன் கொன்றாய் என்று கேட்டதற்காக அவர் நபி இல்லாமல் போகவும் இல்லை. ஹத்தாயில் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு மறைஞானம் வேண்டாம். ஆற்று வண்டல் நிலத்தில் மாடிக்குமேல் மாடி எழுப்ப யார் அனுமதித்தார்கள்? விதிமீறிக் கட்டியவற்றுக்கு 2018இல் பணம் கட்டவைத்துப் பொதுமன்னிப்பு கொடுத்தது எதற்கு? அங்கிருந்த அமிக் ஏரியை வற்றவைத்து, அந்த ஏரித்தரையில் விமான நிலையம் கட்டினார்கள். நிலநடுக்கத்தில் ஓடுபாதை பிளந்து, உதவி வரவேண்டிய நேரத்தில் பயன்படாமல் போனது. இவற்றின் முன் மௌனம் காப்பது விருந்தாளியின் ஒழுங்கில் சேராது. பிறர் நேர்த்திக்கடனின் முன் வாயடைத்து நிற்கச் சொன்ன அதே ஆள்தான் இதையும் சொல்கிறான் என்று யாராவது முரண்பாடு காட்டலாம். நேர்த்திக்கடன் அதைச் செய்கிறவருடையது, அதன் பொருளும் அவருடையது. இடிந்த கட்டடத்தின் காரணம் யாருடைய அந்தரங்கமும் இல்லை.

ஹிழ்றின் கதையில் கடைசியாக வரும் ஊரைப் பற்றி உரையாசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அந்தியோகியாதான் அது என்று சொன்னவர்கள் அவர்களில் உண்டு. வந்தவர்களுக்குச் சோறு போட மறுத்த ஊர். இன்றைய அந்தாக்யாவின் பெருமையே அதன் சமையல். 2017இல் யுனெஸ்கோ ஹத்தாயை உணவுக்கலை நகரமாக ஏற்றது, பாலாடைக்கட்டி நூலிழுக்கும் சூடான குனேஃபேக்காகவே பல மைல் வருகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரின்மேல் இப்படி ஒரு பழி. அந்த ஊரில்தான் ஹிழ்று சுவரை நிமிர்த்தினார். கூலியாவது கேட்டிருக்கலாமே என்றார் மூசா. சுவரடியில் இரண்டு அநாதைப் பிள்ளைகளின் புதையல் இருந்தது; அவர்கள் வளர்ந்து வந்து எடுத்துக்கொள்ளும்வரை சுவர் நிற்க வேண்டியிருந்தது. மசூதியையும் தேவாலயத்தையும் திரும்ப எழுப்புவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சுவர் எனக்குக் குறுக்கே வருகிறது. படத்துக்காக எழுப்புகிற சுவர் வேறு, உரியவர் திரும்பிவருவார் என்று எழுப்புகிற சுவர் வேறு. மினாராவும் மணிக்கூண்டும் மறுபடி ஒரே சட்டத்துக்குள் வந்துவிடலாம். அதற்குப் பொறியாளர்கள் போதும். கொள்கலன் வீடுகளிலும் வேறு மாகாணங்களிலும் சிதறிப்போன குடும்பங்களுக்கு அந்தத் தெருவில் கதவு இருக்குமா என்பது வேறு கணக்கு.

ஆகையால் ஹத்தாய்க்கு ஒருவரை அழைத்துப்போகிறவர் அந்தப் படத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஆகஸ்ட் ஞாயிறாக இருந்தால் முதலில் மலைமேல் வக்கிஃப்லிக்கே போய்விடலாம். தட்டை வாங்கி, திராட்சைக் கொடி நிழலில் உட்கார்ந்து, ஹரிசா ஆறுவதற்குள் சாப்பிடட்டும். எதிரே அடுப்புகள் அணைந்துகொண்டிருக்கும். கொப்பரைகள் ஏன் ஏழு என்று அவர் கேட்டால், அப்போது சொல்லலாம்.